மின்சார ஸ்கூட்டரில் வேலைக்கு: கடலூர், புதுச்சேரி வாசகர்களின் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: கடலூர் மஞ்சக்குப்பத்தில் குடியிருக்கிறேன். புதுச்சேரி முதலியார்பேட்டையில் வேலை. தினமும் போக வர ஏறக்குறைய 45 கிலோமீட்டர் ஆகிறது. 2 கிலோவாட் மணி பேட்டரி உள்ள ஒரு மின்சார ஸ்கூட்டர், ஒரு முறை சார்ஜ் ஏற்றினால் 90 கிலோமீட்டர் ஓடும் என்று விளம்பரம் செய்கிறார்கள். எனக்கு அது போதுமா?

பதில்: வாங்கிய புதிதில் ஒருவாறு சமாளிக்கலாம், சில ஆண்டுகள் கழிந்தால் போதாது. விளம்பரத்தில் வரும் தூரம், ஆய்வுக்கூடத்தில் வண்டியை உருளையின் மேல் நிறுத்தி, வரையறுத்த வேகத்தில் ஓட்டி எடுத்த கணக்கு. கன்னியக்கோயில், கிருமாம்பாக்கம் வழியாகக் கடற்காற்று எதிரே அடிக்க, பின்னால் பேருந்து ஒலியெழுப்ப, மணிக்கு 60 கிலோமீட்டரில் நீங்கள் போகும் சாலைக்கும் அதற்கும் தொடர்பு குறைவு. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப (வேகம் இரு மடங்கானால் நான்கு மடங்காக) ஏறுவதால், 40-இல் போவதற்கும் 60-இல் போவதற்கும் பேட்டரிச் செலவில் பெரிய வித்தியாசம் உண்டு. தவளக்குப்பம், அரியாங்குப்பம் நெரிசலில் ஊர்ந்து போகும்போது நேரம்தான் வீணாகிறது. சார்ஜ் அவ்வளவாகக் குறைவதில்லை.

உங்கள் சாலைக்கு ஒரு யூனிட், அதாவது ஒரு கிலோவாட் மணி மின்சாரத்தில் 28 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். பேட்டரியை அடியோடு தீர்க்காமல் 15 சதவீதம் மீதம் வைத்தால், 2 கிலோவாட் மணி வண்டி புதிதில் 48 கிலோமீட்டர் ஓடும். பேட்டரியின் கொள்ளளவு பயன்பாட்டில் மெல்லக் குறையக்கூடியது. அது 20 சதவீதம் குறைந்துவிட்ட நாளில் அதே வண்டி 38 கிலோமீட்டரில் நின்றுவிடும். 3 கிலோவாட் மணி வண்டியில் இதே கணக்கு 71, பிறகு 57 என்று வருகிறது. ஆகவே, வேலை செய்யும் இடத்தில் சார்ஜ் போட்டுக்கொள்ள அனுமதி உண்டென்றால் சிறிய பேட்டரியே போதும். இல்லையென்றால் 3 கிலோவாட் மணிக்குக் குறைந்து வாங்க வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. சோதனை ஓட்டத்தைக் கடையின் தெருவில் முடித்துக்கொள்ளாமல், கிளம்பும்போதும் திரும்பும்போதும் சார்ஜ் சதவீதத்தையும் ஓடிய தூரத்தையும் குறித்துக்கொண்டு, நெடுஞ்சாலையில் 10 கிலோமீட்டராவது ஓட்டிப் பாருங்கள்.

மின்கட்டணத்தையும் சொல்லிவிடுகிறேன். சார்ஜ் ஏற்றுகையில் வீணாவதையும் சேர்த்து நாளொன்றுக்கு 2 யூனிட், மாதம் 25 வேலை நாள் என்றால் 50 யூனிட், இரண்டு மாதக் கணக்கெடுப்பில் 100 யூனிட் கூடும். யூனிட் 10 ரூபாய் என்றே கணக்கிட்டாலும் நாளுக்கு 20 ரூபாய்தான். பெட்ரோல் ஸ்கூட்டருக்கு ஏறக்குறைய ஒரு லிட்டர் வேண்டும். ஆனால், உங்கள் வீட்டுப் பயன்பாடு ஏற்கெனவே 400 யூனிட்டைத் தாண்டியிருந்தால் கவனம் தேவை. 500-ஐக் கடந்ததும் தமிழ்நாட்டில் வீட்டு இணைப்பின் கட்டண அடுக்கே மாறிவிடும். புதுச்சேரியில் பெட்ரோல் விலை குறைவு என்பதால், அங்கே நிரப்பிவந்தவர்களுக்கு மிச்சமும் அந்த அளவுக்குக் குறையும்.

கேள்வி: புதுச்சேரிக் கடையில் வாங்கிக் கடலூரில் பதிவு செய்யலாமா? ரசீதில் எதைப் பார்க்க வேண்டும்?

பதில்: தாராளமாகச் செய்யலாம். வண்டி வழக்கமாக எங்கே நிற்குமோ, அந்த மாநிலத்து வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில்தான் பதிவு செய்ய வேண்டும். வரி குறையும் என்று எண்ணிப் புதுச்சேரி உறவினர் முகவரியைக் கொடுக்காதீர்கள். ரசீதில் வண்டி, பேட்டரி, சார்ஜர், மென்பொருள் வசதிகள், காப்பீடு, பதிவுச் செலவு ஆகியவை தனித்தனியாக இருக்கட்டும். மின்வாகனத்துக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம். அரசு மானியம் இருந்தால் அது விலையில் கழிக்கப்பட்டு ரசீதிலேயே தெரிய வேண்டும். சார்ஜருக்குத் தனியாகப் பணம் வாங்கிய சில நிறுவனங்கள் 2023-இல் அதைத் திருப்பித் தர நேர்ந்தபோது, விலை பிரித்து எழுதிய ரசீதின் அருமை பலருக்கும் புரிந்தது.

கேள்வி: நெல்லித்தோப்பிலிருந்து நேரு வீதியில் உள்ள துணிக்கடைக்கு வேலைக்குப் போகிறேன். லைசென்ஸ் வேண்டாத மின்வண்டி ஒன்றைப் பார்த்தேன். 25 கிலோமீட்டர் வேகம்தான் போகும், வேண்டுமானால் 45 வரை கூட்டித் தருகிறோம் என்கிறார் கடைக்காரர். வாங்கலாமா, ஐயா?

பதில்: வண்டியை வாங்கலாம், அம்மா, வேகத்தைக் கூட்டச் சொல்ல வேண்டாம். மோட்டாரின் திறன் 250 வாட்டுக்கு உட்பட்டும், வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்கு உட்பட்டும், பேட்டரி நீங்கலான எடை 60 கிலோவுக்கு மேற்படாமலும் இருந்தால்தான் சட்டம் அதை மோட்டார் வாகனமாகக் கருதுவதில்லை. பதிவு, ஓட்டுநர் உரிமம் ஆகியவற்றிலிருந்து விலக்குக் கிடைப்பது அதனால்தான். அவர் செய்யப்போவது இதுதான்: இருக்கைக்கு அடியில் உள்ள கன்ட்ரோலர் பெட்டியிலிருந்து வரும் மெல்லிய ஒயர்களில், வேகத்தைக் கட்டுப்படுத்தும் ஒன்றின் இணைப்பைக் கழற்றிவிடுவார். சில நிமிட வேலை. அதன் பிறகு உங்களிடம் இருப்பது பதிவும் காப்பீடும் இல்லாத மோட்டார் வாகனம். அதில் யாரையாவது இடித்துவிட்டால் இழப்பீடு முழுவதும் உங்கள் தலையில் விழும். கடைக்காரர் அப்போது பக்கத்தில் நிற்க மாட்டார். அந்த வேகத்துக்கென்று செய்யப்படாத பிரேக்கும் வண்டியின் சட்டகமும் தரும் ஆபத்து அதற்கும் மேல்.

புனேயில் உள்ள ஏஆர்ஏஐ, மானேசரில் உள்ள ஐகேட் போன்ற சோதனை நிறுவனம் அந்த மாடலுக்கு வழங்கிய சான்றின் நகலைக் கேளுங்கள். தயங்கினால் வேறு கடை பாருங்கள். லெட்-ஆசிட் பேட்டரி என்றால் விலை மலிவு, ஆயுள் குறைவு. சட்டம் கேட்காவிட்டாலும் ஹெல்மெட் அணிந்தே ஓட்டுங்கள்.

கேள்வி: நெல்லிக்குப்பத்திலிருந்து எழுதுகிறேன். ஒன்றரை ஆண்டுக்கு முன் சென்னையில் வாங்கிய மின்சார ஸ்கூட்டர், முன்பு 85 கிலோமீட்டர் ஓடியது. இப்போது 50-ஐத் தாண்டுவதில்லை. அது அப்படித்தான் குறையும் என்று சர்வீஸ் சென்டரில் வாய்மொழியாகச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். என்ன செய்வது?

பதில்: கொஞ்சம் குறைவது இயல்புதான். ஒன்றரை ஆண்டில் ஐந்தில் இரண்டு பங்கு குறைவது இயல்பன்று. முதலில் உத்தரவாத அட்டையை முழுவதும் படியுங்கள். கொள்ளளவு 70 அல்லது 80 சதவீதத்துக்குக் கீழே போனால்தான் பேட்டரியைச் சரிசெய்வோம் அல்லது மாற்றுவோம் என்று பல நிறுவனங்கள் எழுதியிருக்கின்றன. எனவே, பேட்டரியின் நலநிலை எத்தனை சதவீதம் என்ற அறிக்கையை எழுத்தில் கேளுங்கள். இதற்கிடையில், முழுச் சார்ஜில் கிளம்பி 10 சதவீதம் வரும்வரை வழக்கமான சாலையில் ஓட்டி, தொடக்கத்திலும் முடிவிலும் ஓடோமீட்டரும் சார்ஜும் ஒரே படத்தில் தெரியும்படி புகைப்படம் எடுத்து வையுங்கள். சில நாட்கள் செய்தால் போதும். டயரில் காற்று சரியாக இருக்கிறதா, பிரேக் உரசுகிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள், ஏனெனில் அவர்கள் முதலில் சொல்லப்போகும் காரணங்கள் அவைதாம்.

பிறகு, விற்றவர், தயாரித்தவர் இருவருக்கும் மின்னஞ்சலில் புகார் அனுப்புங்கள். பதில் வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதியலாம். அதுவும் பலிக்காவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. சென்னையில் வாங்கியதால் சென்னைக்கு அலைய வேண்டியதில்லை. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நீங்கள் குடியிருக்கும் கடலூர் மாவட்ட ஆணையத்திலேயே வழக்குத் தொடரலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்கு உட்பட்டிருந்தால் கட்டணம் கிடையாது. வழக்கறிஞர் கட்டாயமில்லை. பாதிப்பு ஏற்பட்டதிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் மனு செய்ய வேண்டும் என்பதால், அடுத்த சர்வீசில் பார்க்கலாம் என்று அவர்கள் தள்ளிப்போடுவதற்கு இடங்கொடுக்காதீர்கள்.

கேள்வி: 2024 டிசம்பரில் தென்பெண்ணை வெள்ளம் எங்கள் தெருவுக்குள் வந்தது. மின்சார ஸ்கூட்டர் தண்ணீரில் நின்றுவிட்டால் காப்பீடு கிடைக்குமா?

பதில்: பாலிசியைப் பொறுத்தது. புதிய இரு சக்கர வாகனத்துக்கு 5 ஆண்டுகள் என்று எழுதியிருப்பது பெரும்பாலும் மூன்றாம் நபர் காப்பீடு, அதாவது உங்கள் வண்டியால் பிறருக்கு ஏற்படும் இழப்புக்கானது மட்டும். வெள்ளச் சேதத்தை ஈடுசெய்யும் சொந்தச் சேதக் காப்பீடு பெரும்பாலும் முதல் ஆண்டோடு முடிந்துவிடும். அதை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். பேட்டரிக்கான கூடுதல் பாதுகாப்பு இருந்தால் அதையும் எடுத்துக்கொள்ளுங்கள். பேட்டரிக்குச் சொல்லப்படும் ஐபி67 என்ற நீர்புகாத் தரம், 1 மீட்டர் ஆழத் தண்ணீரில் 30 நிமிடம் தாங்கியதைக் குறிக்கிறது. இரவு முழுவதும் சேற்று வெள்ளத்தில் நின்றதற்கு அது பொருந்தாது. வண்டி மூழ்கியிருந்தால் சாவியைப் போடவோ சார்ஜ் ஏற்றவோ செய்யாமல், படம் எடுத்துக் காப்பீட்டு நிறுவனத்துக்கு உடனே தெரிவித்து, வீட்டுச் சுவரை விட்டுத் தள்ளித் திறந்த இடத்தில் நிறுத்துங்கள். தண்ணீர் புகுந்த லித்தியம் பேட்டரி சில நாள் கழித்தும் தீப்பிடிக்கக்கூடும். சர்வீஸ் சென்டருக்குத் தள்ளிக்கொண்டோ ஏற்றிக்கொண்டோதான் போக வேண்டும்.