பட்டறையில் வளர்ந்த பெண் மெக்கானிக்கல் படிக்கலாமா?

வணக்கம் ஐயா,

மன்னார்குடி பக்கம் ஒரு கிராமம். ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில்தான் படித்தேன். பிளஸ் டூவில் கணிதம் 88, இயற்பியல் 84, வேதியியல் 82. அப்பா மோட்டாருக்குக் காயில் கட்டுகிறார், பம்ப்செட் ரிப்பேரும் பார்க்கிறார். சின்ன வயதிலிருந்து பட்டறையிலேயேதான் கிடந்தேன். மெக்கானிக்கல் எடுக்க ஆசை. "பொம்பளப் பிள்ளைக்கு அது எதுக்கு, கம்ப்யூட்டர் சயின்ஸ் எடு" என்கிறார் மாமா. மெக்கானிக்கலில் வேலையே இல்லை என்றும் சொல்கிறார்கள். அப்பா "உன் இஷ்டம்மா" என்று விட்டுவிட்டார். எப்படி முடிவெடுப்பது? கவுன்சலிங் வரைக்கும் என்ன செய்யலாம்?

ச.

அன்புள்ள ச,

பட்டறை பிடிப்பது வேறு, மெக்கானிக்கல் என்ஜினியரிங் பிடிப்பது வேறு. இந்த வித்தியாசம் தெரியாமல் சேர்ந்து, இரண்டாம் ஆண்டில் அரியரோடு நிற்கும் பிள்ளைகள் நிறைய. அதனால் வேலை கிடைக்குமா என்பதை அப்புறம் பார்ப்போம். முதலில் உங்களுக்குத் தெரிந்த சாமான்களை வைத்தே சொல்கிறேன்.

6205 பேரிங் உங்கள் கைக்குப் பலமுறை வந்திருக்கும். கடைசி இரண்டு எண்ணை ஐந்தால் பெருக்கினால் உள்விட்டம், 25 மி.மீ. ஷாஃப்ட் தேய்ந்துபோய் பேரிங்கின் உள்வளையம் அதன்மேல் வழுக்கிச் சுற்ற ஆரம்பித்தால் பல பட்டறைகளில் என்ன செய்கிறார்கள்? சென்டர் பஞ்சால் ஷாஃப்ட்டைச் சுற்றிப் புள்ளி குத்தி, மேடு எழுப்பி, பேரிங்கை அடித்து இறக்கிவிடுகிறார்கள். அறுவடை வரைக்கும் ஓடும், அப்புறம் அதே மோட்டார் திரும்பி வரும். வளையத்தைப் பிடித்திருப்பது அந்தப் புள்ளிகளின் நுனி மட்டும்தான். சுமையெல்லாம் அந்த நுனிகளில் இறங்குவதால் அவை சீக்கிரமே நசுங்கிவிடும். ஷாஃப்ட்டும் மையத்தில் உட்காராது, அதிரும்.

என்ஜினியர் இதை எண்ணில் சொல்ல வேண்டும். கே6 என்ற பொருத்தம் கேட்டால் அந்த இடத்தில் ஷாஃப்ட் 25.002 முதல் 25.015 மி.மீ.க்குள் இருக்க வேண்டும். இரண்டுக்கும் வித்தியாசம் 13 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மி.மீ.யில் ஆயிரத்தில் ஒன்று), தலைமுடியின் தடிமனில் ஒரு பங்கு. அதற்குக் கீழே போனால் வளையம் வழுக்கும். மேலே போனால் உள்வளையம் விரிந்து, குண்டுகள் உருள இருக்க வேண்டிய இடைவெளி குறைந்து, பேரிங் சூடேறிச் சாகும். வெல்ட் வைத்துத் திரும்பக் கடைவதா, மேலே ஸ்லீவ் என்ற உறை போடுவதா, ஷாஃப்ட்டையே மாற்றுவதா என்று அந்த எண்ணை வைத்துத்தான் முடிவெடுப்பார்கள்.

இன்னொன்று, நம் பக்கத்து ஃபில்டர் பாயிண்ட், அதாவது ஆழம் குறைந்த குழாய்க் கிணறு. கோடையில் நீர்மட்டம் இறங்கினால் குழி தோண்டி மோட்டாரும் பம்ப்பும் ஒன்றாக இருக்கும் மோனோபிளாக் பம்ப்பை உள்ளே இறக்கி வைக்கிறோமே, ஏன்? தண்ணீரைப் பம்ப் இழுக்கிறது என்று சொல்கிறோம். உண்மையில் காற்றழுத்தம்தான் கீழிருந்து தள்ளுகிறது. அதன் மொத்த பலம் சுமார் 10.3 மீட்டர் நீருக்குச் சமம். அதில் நீரின் ஆவியழுத்தத்துக்கு 30 டிகிரியில் அரை மீட்டருக்குக் கொஞ்சம் கம்மி போகும். குழாய் உரசலுக்கு ஒரு பங்கு, இம்பெல்லர் (பம்ப்புக்குள் சுற்றும் சக்கரம்) வாயில் மிச்சம் இருக்க வேண்டிய அழுத்தத்துக்கு இரண்டு மூன்று மீட்டர் போக, ஆறேழு மீட்டர்தான் கையில் நிற்கும். அதைத் தாண்டினால் நீர் உள்ளேயே குமிழி விட்டு உடையும். ஜல்லி உருள்கிற சத்தம் வரும், இம்பெல்லர் அரித்துப் போகும். வெளியிலிருந்து பார்ப்பவர் "மோட்டார் காத்து வாங்குது" என்பார். காற்றுக் கசிவா, குமிழியா என்று பிரித்துச் சொல்வதற்குத்தான் படிப்பு. சிக்கனம் என்று 3 அங்குல சக்‌ஷன் குழாய்க்குப் பதில் இரண்டரை அங்குலம் போட்டால், அதே அளவு நீருக்கு உரசல் இழப்பு ஏறக்குறைய இரண்டரை மடங்காகும். விட்டத்தின் ஐந்தாம் அடுக்குக்கு எதிர்விகிதத்தில் அது மாறுவதுதான் காரணம்.

இப்போது ஒரு கணக்கு. 5 எச்.பி. மோட்டார், பம்ப்பின் திறன் 50 சதம், உறிஞ்சுவதும் ஏற்றுவதும் உரசலும் சேர்ந்து மொத்தம் 15 மீட்டர். ஒரு மா வயலில், அதாவது 33 சென்டில், 5 செ.மீ. தண்ணீர் கட்ட எவ்வளவு நேரமாகும்? நானே போட்டுக் காட்டுகிறேன். 5 எச்.பி. என்பது 3,730 வாட். பாதி வீணானால் 1,865. அதை 9.81-ஆலும் 15-ஆலும் வகுத்தால் நொடிக்கு 12.7 லிட்டர். ஒரு மாவுக்கு வேண்டியது சுமார் 67,000 லிட்டர். மண்ணில் இறங்குவதை விட்டுவிட்டால் ஒன்றரை மணி நேரம். இதைப் படித்ததும் "நம்ம வயலில் மூன்று மணி நேரம் ஆகிறதே, மிச்சம் எங்கே போகுது?" என்று பேப்பரை எடுக்கத் தோன்றியதா? தோன்றியிருந்தால் மெக்கானிக்கல் எடுங்கள், தயங்க வேண்டாம்.

கணக்கு அலுத்து, கழற்றி மாட்டுவதில்தான் சந்தோஷம் என்றால் அது குறையே அல்ல. அதற்கு வேறு வழி இருக்கிறது. பிளஸ் டூவை வைத்துப் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம். இரண்டு வருடத்தில் டிப்ளமோ கையில் இருக்கும். பிறகு கணக்கில் பிடிப்பு வந்தால் பி.இ. இரண்டாம் ஆண்டில் சேர்ந்துகொள்ளலாம்.

படிப்பில் முதல் இடறல் என்ஜினியரிங் கிராஃபிக்ஸ். ஒரு குளியல் சோப்பை எடுத்து, கத்தியால் சாய்வாக ஒரு மூலையை வெட்டுங்கள். மேலிருந்து, முன்னிருந்து, பக்கத்திலிருந்து தெரிவதை மூன்று படமாக வரையுங்கள். மறுநாள் சோப்பைப் பார்க்காமல், அந்த மூன்று படத்தை மட்டும் வைத்து முழு உருவத்தை வரைய முடிகிறதா பாருங்கள். இது வந்தால் கிராஃபிக்ஸ் வரும். அடுத்தது மெக்கானிக்ஸ், தெர்மோடைனமிக்ஸ், ஸ்ட்ரெங்த் ஆஃப் மெட்டீரியல்ஸ். இவற்றை மனப்பாடம் செய்து தப்பிக்க முடியாது. உங்கள் கணித மார்க் போதும், ஆனால் தொகையிடலைப் புரிந்து போட்டீர்களா, மாதிரிக் கணக்கைப் பார்த்துப் போட்டீர்களா என்பது உங்களுக்குத்தான் தெரியும்.

வேலை பற்றி ஒளிக்காமல் சொல்கிறேன். கேம்பஸுக்கு மொத்தமாக ஆளெடுக்க வருபவை பெரும்பாலும் மென்பொருள் நிறுவனங்கள். உற்பத்தி நிறுவனங்கள் கம்மியாக எடுக்கும், ஆரம்பச் சம்பளமும் பல இடங்களில் அதைவிடக் குறைவு. "வேலையே இல்லை" என்ற பேச்சு இதிலிருந்துதான் வருகிறது. டெல்டாவுக்குள்ளேயே வேலை வேண்டுமென்றால் இடம் குறைவு, ஒரு எல்லையில் திருச்சி பெல் (பி.எச்.இ.எல்.) தொழிற்சாலையும் அதைச் சுற்றியுள்ள பாய்லர் ஃபேப்ரிகேஷன் பட்டறைகளும், இன்னொரு எல்லையில் நெய்வேலி. பெரும்பாலும் ஓரகடம், ஓசூர், கோவை என்று போக வேண்டிவரும். அதற்கு வீடு சம்மதிக்குமா என்பதைச் சேர்வதற்கு முன்னாலேயே உட்கார்ந்து பேசிவிடுங்கள். மாமாவின் கேள்வியில் நியாயமான பகுதி இது ஒன்றுதான். பெண் என்பதால் இந்தப் படிப்பில் முடியாத பாடம் ஒன்றுகூட இல்லை. டிசைன், தரக்கட்டுப்பாடு, உற்பத்தித் திட்டமிடல் எல்லாவற்றிலும் பெண்கள் இருக்கிறார்கள். ஷிஃப்டும் விடுதியும்தான் விசாரிக்க வேண்டிய விஷயங்கள்.

உங்கள் கட்ஆஃப் 171. கணிதம் முழுசாக 88, இயற்பியலில் பாதி 42, வேதியியலில் பாதி 41. ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளி என்பதால் 7.5 சதவீத ஒதுக்கீட்டில் உங்களுக்குத் தனித் தரவரிசை உண்டு. அதில் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கும். விண்ணப்பத்தில் அந்தக் கட்டத்தை நிரப்ப மறந்துவிடாதீர்கள். புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாயும் உண்டு, கல்லூரியில் சேர்ந்ததும் கேளுங்கள்.

விருப்பப் பட்டியலில் "நமக்கு எங்கே கிடைக்கும்" என்று கணித்து வரிசை போடாதீர்கள். எது வேண்டுமோ அதை முதலில் போடுங்கள், கிடைக்காவிட்டால் அடுத்ததுக்கு அதுவே இறங்கும், நஷ்டம் இல்லை. பக்கத்திலேயே வேண்டுமென்றால் செங்கிப்பட்டி அரசுக் கல்லூரியையும், பட்டுக்கோட்டை, திருக்குவளை, திருச்சியில் உள்ள அண்ணா பல்கலைக்கழகக் கல்லூரிகளையும் இந்த ஆண்டுப் பட்டியலில் முதலில் பாருங்கள். தனியார் கல்லூரி என்றால் வாசலில் இருக்கும் விளம்பரப் பலகையை நம்பவேண்டாம். தரச் சான்றுகளில் நாக் (NAAC) கல்லூரிக்குத் தருவது, என்.பி.ஏ. (NBA) பாடப்பிரிவுக்குத் தருவது. உங்களுக்கு வேண்டியது மெக்கானிக்கல் பிரிவுக்கு என்.பி.ஏ. இருக்கிறதா, எந்த வருடம் வரைக்கும் என்பது. அண்ணா பல்கலைக்கழகம் வெளியிடும் தேர்ச்சி சதவீதத்தையும் பாருங்கள். ஒரு நாள் அப்பாவோடு நேரில் போய் லேத் (கடைசல் இயந்திரம்) லேபைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். ஸ்லைடில் எண்ணெய் காய்ந்து தூசி படிந்திருந்தால் அங்கே யாரும் கடைவதில்லை. அப்பா பார்த்தாலே சொல்லிவிடுவார்.

மெக்கட்ரானிக்ஸ், ரோபாட்டிக்ஸ் என்ற பெயர்களுக்காக மாறவேண்டாம். அடிப்படை மெக்கானிக்கல் எடுத்தால் வேலை அறிவிப்புகளில் தகுதிச் சந்தேகம் வராது. அவற்றைப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம்.

கவுன்சலிங் வரைக்கும் 0–25 மி.மீ. அளக்கும் மைக்ரோமீட்டர் கருவி ஒன்றும், 25–50 மி.மீ. அளப்பது ஒன்றும் கடன் வாங்குங்கள். ஷாஃப்ட் 25-க்கு இரண்டு பக்கமும் வரும் என்பதால் இரண்டுமே வேண்டும். பட்டறைக்கு வரும் ஒவ்வொரு மோட்டாருக்கும் நோட்டில் ஒரு பக்கம். பேரிங் எண், பேரிங் உட்காரும் இடத்தில் ஷாஃப்ட்டின் விட்டம் மூன்று இடங்களில், ஒவ்வொன்றிலும் குறுக்கும் நெடுக்குமாக இரண்டு அளவு, கெட்டதன் காரணம் என்று அப்பா சொல்வது, நீங்கள் நினைப்பது. இருபது மோட்டார் ஆனதும் எனக்கு அந்தப் பக்கங்களைப் படமெடுத்து அனுப்புங்கள்.