கத்தரியும் கண்ணாடி மேசையும்: லோட்டே ரைனிகர் பற்றி வாசகர் கேள்விகள்

கே: உலகின் முதல் முழுநீள அனிமேஷன் படம் ரைனிகருடையதா, டிஸ்னியின் 'ஸ்னோ ஒயிட்'டா?

ப: இரண்டும் இல்லை. அர்ஜென்டினாவில் கிரினோ கிறிஸ்தியானி 1917-இலேயே ஒரு முழுநீள அனிமேஷன் படம் எடுத்தார். அதன் பிரதி ஒன்றுகூட மிஞ்சவில்லை. இன்று நாம் பார்க்க முடிகிறவற்றில் மிகப் பழையது, கறுப்பு நிழலுருவங்களை வெட்டி அசைத்துப் படமெடுத்த ஜெர்மன் பெண் இயக்குநர் ரைனிகரின் 'இளவரசர் அஹமதின் சாகசங்கள்' (1926). 'ஸ்னோ ஒயிட்' வந்தது 1937-இல். ரைனிகரை 'முதல்' என்று எழுதுகிறவர்கள் 'கிடைப்பவற்றில் மூத்தது' என்று திருத்திக்கொள்ள வேண்டும். அதனால் அவர் பெருமை எள்ளளவும் குறையாது.

கே: அவ்வளவு இளம் வயதில் படம் எடுக்கப் பணம் எங்கிருந்து வந்தது?

ப: ரைனிகர் 1899 ஜூன் 2 அன்று பெர்லினில் பிறந்தவர். கறுப்புத் தாளில் உருவம் வெட்டும் அவருடைய திறமையைக் கவனித்த நடிகர் பவுல் வேகெனர், 1918-இல் தம் 'எலிபிடிப்பவன்' மௌனப் படத்தில் காட்சிகளுக்கு நடுவே வரும் எழுத்து அட்டைகளுக்கு நிழலுருவங்கள் செய்ய வைத்தார். அதே படத்துக்காக மர எலிகளைப் பிரேம் பிரேமாக நகர்த்திப் படமெடுத்ததிலும் ரைனிகருக்குப் பங்கு உண்டு. 1919-இல் முதல் குறும்படம் வந்தது. பிறகு வங்கியாளர் லூயிஸ் ஹாகென், பணவீக்கத்துக்குப் பயந்து வாங்கி வைத்திருந்த பிலிம் சுருள்களைக் கொடுத்து, போட்ஸ்டாமில் தம் வண்டிக் கொட்டகையின் மாடியை ஸ்டூடியோவாக ஒதுக்கினார். 1923 முதல் 1926 வரை வேலை அங்கேதான் நடந்தது. கேமராவைப் பார்த்துக்கொண்டவர் கணவர் கார்ல் கோஹ்.

கே: அவர் முறையில் வீட்டில் படம் எடுக்க மேசையை எப்படி அமைப்பது?

ப: திரையில் நிழல் விழுவதைப் படமெடுக்கிறார்கள் என்றே பலர் நினைக்கிறார்கள். உண்மையில் உருவங்கள் கண்ணாடிமேல் படுத்திருக்கும், வெளிச்சம் கீழிருந்து வரும், கேமரா மேலிருந்து நேர்கீழாகப் பார்க்கும். மேசையில் ஒரு துளை வெட்டி அதன்மேல் கண்ணாடி வையுங்கள், அல்லது இரண்டு முக்காலிகளுக்கு நடுவே வைத்தாலும் போதும். அதன்மேல் ஒரு டிரேசிங் பேப்பர். விளக்கைக் கண்ணாடியிலிருந்து ஓர் அடியாவது தள்ளி வைக்க வேண்டும். ஒட்டி வைத்தால் நடுவில் பளிச்சென்று வட்டம் விழும். சூடாகும் பல்பு அட்டையை வளைத்துவிடும், ஓரம் கண்ணாடியை விட்டு எழும்பினால் கோடு மங்கும். ஆகவே எல்.இ.டி. நல்லது. ஜன்னலை மூடுங்கள். மேலிருந்து வெளிச்சம் விழுந்தால் கறுப்பு சாம்பலாகும், உருவத்தின் மூட்டுகளை இணைக்கும் கம்பி முடிச்சும் தெரியும். போனில் எடுப்பவர்கள் ஃபோகஸ், எக்ஸ்போஷர், ஒயிட் பேலன்ஸ் மூன்றையும் பூட்டிவிட வேண்டும். இல்லாவிட்டால் பிரேமுக்குப் பிரேம் வெளிச்சம் துடிக்கும்.

ஆழம் வேண்டுமானால் மேலும் ஒரு கண்ணாடியைச் சில அங்குல உயரத்தில் ஏற்றிப் பின்னணிகளைப் பிரியுங்கள். 'அஹமது' படத்திலேயே இந்த அடுக்கு முறை இருக்கிறது. தொலைவிலுள்ள மலைக்கு ஒரு டிஷ்யூ தாள், அருகிலுள்ளதற்கு இரண்டு மூன்று ஒட்டினால் தானாகவே அடர்த்தி கூடும்.

கே: என் பொம்மையின் கை நகர்த்திய இடத்தில் நிற்பதில்லை. ரைனிகர் எப்படிச் சமாளித்தார்?

ப: அவர் கறுப்பு அட்டையோடு மெல்லிய ஈயத் தகட்டையும் பயன்படுத்தினார். அந்தக் கனத்தில் உருவம் அசையாமல் படிந்து கிடக்கும். ஈயம் நச்சு என்பதால் உங்களுக்கு அது வேண்டாம், 250 முதல் 300 ஜி.எஸ்.எம். (ஒரு சதுர மீட்டருக்கு இத்தனை கிராம்) அட்டை போதும். பெரும்பாலும் கோளாறு மூட்டில்தான். இரண்டு துண்டின் முனையையும் வட்டமாக வெட்டி, ஒன்றின்மேல் ஒன்று நன்றாக ஏறும்படி வையுங்கள். கூர்முனையாக இருந்தால் முழங்கை மடங்கும்போது இடைவெளியில் வெளிச்சம் கசியும். துளையை ஊசியால் போடுங்கள். கம்பியைவிட அது பெரிதானால் கை நழுவிக்கொண்டே இருக்கும். கம்பியின் இரு முனைகளையும் சுருட்டித் தட்டையாக அமுக்குங்கள். இறுக்கினால் கையைத் தொடும்போது தோளும் சேர்ந்து வரும். தளர்த்தினால் மூச்சுக்காற்றே அதை நகர்த்திவிடும்.

வெட்டும்போது அவர் கத்தரியை அசைக்காமல் தாளைத்தான் திருப்புவார். வளைவுகள் உடையாமல் வருவதன் காரணம் இதுதான், பழகிப் பாருங்கள்.

நகர்த்தும்போது உடலை முதலில், பிறகு கால், கை, கடைசியில் தலை. வரிசை மாறினால் உடலை நகர்த்தும்போது முன்பு வைத்ததெல்லாம் கலையும். நொடிக்கு 24 பிரேம் கணக்கில் ஒவ்வொரு நிலையையும் இரண்டு பிரேம் எடுத்தால் பத்து நொடிக்கு 120 நிலைகள். முகத்தருகே காட்ட அதே பொம்மையைப் பெரிதாக்க முடியாது. பெரிய தலையும் தோளும் தனியாகச் செய்ய வேண்டும்.

கே: அவர் யூதர் என்பதால்தான் ஜெர்மனியை விட்டு ஓடினாரா?

ப: அவர் யூதர் அல்லர். ஹிட்லர் ஆட்சியை வெறுத்தார், நண்பர்களில் பலர் யூதர்கள். 1935 வாக்கில் கணவரோடு வெளியேறினாலும் எந்த நாடும் நிரந்தரமாகத் தங்க அனுமதிக்கவில்லை. விசா முடியும் ஒவ்வொரு முறையும் இங்கிலாந்து, பிரான்ஸ், இத்தாலி என்று இடம் மாற வேண்டியிருந்தது. போரின் கடைசிக் கட்டத்தில் நோயுற்ற தாயைப் பார்க்க பெர்லின் திரும்பி, அங்கேயே மாட்டிக்கொண்டார். 1949-இல் லண்டன் போனார். 1950-களில் அங்கே எடுத்த தேவதைக் கதைகள் நேரக் கணக்குக்குள் செய்யப்பட்டவை. அப்படியும் ஒவ்வொரு விரலும் உயிரோடு இருக்கும். 1981 ஜூன் 19 அன்று ஜெர்மனியின் டெட்டன்ஹாவுசனில் காலமானார்.

கே: முதலில் எதைப் பார்க்கலாம்?

ப: 'பாபகேனோ' (1935). குறும்படம், மொஸார்ட்டின் இசை, பறவைகளின் அசைவு அபாரம். பிறகு 'அஹமது'. அதன் மூல நெகடிவ் தொலைந்துவிட்டது. 1999 வாக்கில் ஃபிராங்ஃபர்ட் திரைப்பட அருங்காட்சியகம் லண்டனில் கிடைத்த பிரதியைக் கொண்டு சீரமைத்த, காட்சிக்குக் காட்சி நீலம், மஞ்சள், சிவப்புச் சாயம் மாறும் பதிப்பையே தேடுங்கள். அந்தப் படத்துக்காக ஓவியரும் இயக்குநருமான வால்டர் ருட்மான் உருவாக்கிய மாயக் காட்சிகள் வெறும் கறுப்பு வெள்ளையில் பாதிதான் தெரியும்.