கியூவில் நிற்பவர் என்ன நினைக்கிறார்?

அன்புள்ள எழுத்தாளருக்கு,

வணக்கம். சிங்கப்பூர் ஈசூனில் கட்டடப் பராமரிப்பு வேலை பார்க்கிறேன். பகலெல்லாம் மின்தூக்கி நின்றுவிட்டது, குழாய் ஒழுகுகிறது என்று புகார்களின் பின்னால் ஓட்டம். இரவில் கைத்தொலைபேசியில் ரோலர்கோஸ்டர் டைக்கூன் கிளாசிக் என்ற, கேளிக்கைப் பூங்கா கட்டி நடத்தும் விளையாட்டு. அங்கேயும் மெக்கானிக்கை அனுப்புகிறேன், குப்பை அள்ள ஆள் வைக்கிறேன். "சம்பளம் இல்லாமல் ஓவர்டைம் பார்க்கிறீர்களா?" என்று மனைவி கேட்கிறார். என்ன சொல்வதென்று தெரியவில்லை. இந்தக் கேளிக்கைப் பூங்கா விளையாட்டுகளில் அப்படி என்னதான் இருக்கிறது?

இன்னொரு சந்தேகமும் உண்டு. ஆசை ஆசையாய்க் கட்டிய பெரிய கோஸ்டரில் (ஏறி இறங்கி வளைந்து ஓடும் ரயில் சவாரி) ஒருவரும் ஏறவில்லை. கப்பல் ஊஞ்சலின் வாசலில் எப்போதும் வாந்தி. "வெளியே போகும் வழி தெரியவில்லை" என்று பலர் புலம்புகிறார்கள். பணம் கரைகிறது. எங்கே தவறு?

ச.

அன்புள்ள ச.,

இரண்டாவது கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். அதைப் பிரித்துப் பார்த்தால் முதல் கேள்விக்கான பதிலும் அதற்குள்ளேயே கிடைக்கும்.

ஏறாமல் திரும்பிப் போகும் ஒரு வருகையாளரைத் தொடுங்கள். அவர் மனத்தில் ஓடுவது எழுத்தாகவே வரும். உங்கள் கோஸ்டரின் பெயரைச் சொல்லி, அது தனக்கு மிகக் கடுமையாகத் தெரிகிறது என்று இருக்கும் என நினைக்கிறேன். விலை அதிகம் என்று இருந்தால் நோய் வேறு, மருந்தும் வேறு. பாதையைச் சோதனை ஓட்டம் விட்டதும் எக்ஸைட்மென்ட், இன்டென்சிட்டி, நாசியா என்று மூன்று எண்கள் வருமே, அவை குதூகலம், கடுமை, குமட்டல் மூன்றையும் அளப்பவை. நடு எண் 10-ஐத் தாண்டினால் பெரும்பாலானவர்கள் வாசலோடு திரும்பிவிடுவார்கள். உயரமாக, வேகமாகக் கட்டினால் கூட்டம் அள்ளும் என்று எண்ணுவதுதான் புதிதாக விளையாடுபவர்கள் எல்லோரும் விழும் பள்ளம்.

கடுமை எகிறுவதற்கு உயரத்தைவிடப் பெரிய காரணம் பெரும்பாலும் வளைவுதான். புள்ளிவிவரப் பக்கத்தில் பக்கவாட்டு ஜி என்று ஒரு வரி இருக்கிறது; வளைவில் பயணியைப் பக்கவாட்டில் தள்ளும் விசையின் அளவு அது. அது 2.8-ஐத் தாண்டினால் கடுமை ஒரே தாவலில் ஏறும். 3.1-ஐத் தாண்டினால் குதூகல எண்ணும் பாதியாக வெட்டுப்படும். முதல் பெரிய இறக்கம் முடிந்த கையோடு சாய்வில்லாத தட்டையான வளைவை வைத்தால் இதுதான் நடக்கும். அந்த வளைவைச் சாய்வுள்ளதாக மாற்றுங்கள். இடமிருந்தால் இன்னும் அகலமான வளைவாக்குங்கள். அல்லது வளைவுக்கு முன்னால் ஒரு மேடு வைத்து வேகத்தைக் குறையுங்கள். வேகத்தைக் குறைக்க மேடுதான் நல்லது. மேட்டில் பயணிக்கு வயிறு காற்றில் மிதக்கும், அதுவும் குதூகலக் கணக்கில் சேரும். பிரேக் பிடித்தால் வேகம் வீணாவதுதான் மிச்சம்.

திருத்தியதும் அவசரப்பட்டுத் திறந்துவிடாதீர்கள். எத்தனை ரயில் ஓடுகிறது? ஒரு ரயிலில் 16 இருக்கை, ஒரு சுற்றுக்கு 2 நிமிடம் என்றால் மணிக்கு 30 சுற்று, 480 பேர். இரண்டு ரயில் விட்டு நிமிடத்துக்கு ஒன்றாக அனுப்பினால் 960. விளையாட்டுக்குள் காலம் வேறு கதியில் ஓடினாலும் விகிதம் இதேதான். ஆனால் இரண்டு ரயில் என்றால் விபத்துக்கும் இடம் உண்டு. நிலைய பிரேக் பழுதானால் வரும் ரயில் நிற்காமல் நுழைந்து, நின்றுகொண்டிருக்கும் ரயிலில் மோதும். செய்தி பரவி பூங்காவின் மதிப்பு சரியும். இதற்குத்தான் பிளாக் பிரேக். பாதையைத் துண்டுகளாகப் பிரித்து, ஒரு துண்டில் ஒரு நேரத்தில் ஒரே ரயில்தான் இருக்கலாம் என்று கட்டுப்படுத்தும் முறை அது. இந்த முறையில் ஒன்றுக்கு மேற்பட்ட ரயில் ஓடினால் அந்த பிரேக் பழுது வரவே வராது. நிலையமும், ரயிலைச் சங்கிலியால் மேலே இழுக்கும் செயின் லிஃப்ட்டின் உச்சியும் துண்டுக் கணக்கில் சேரும். துண்டுகளைவிட ரயில் ஒன்றாவது குறைவாக இருக்க வேண்டும்.

இதிலும் ஒரு பொறி இருக்கிறது. முன்னால் உள்ள ரயில் தாமதித்தால் பின்னால் வருவது பிளாக் பிரேக்கில் நின்றுவிடும். மறுபடி கிளம்பும்போது ஊர்ந்துதான் கிளம்பும். அடுத்து உடனே ஒரு மேடு இருந்தால் ஏற முடியாமல் பின்னோக்கி உருளும். ஆகவே பிளாக் பிரேக்கை எப்போதும் ஓர் இறக்கத்தின் தலையில் வையுங்கள். நிஜக் கோஸ்டர்களிலும் இதே காரணத்துக்காகத்தான் நடுவழி பிரேக்கை உயரத்தில் வைத்து, அதை அடுத்து இறக்கம் விடுகிறார்கள்.

மெக்கானிக்கின் பரிசோதனை இடைவெளி 30 நிமிடமாக இருக்கும். பெரிய கோஸ்டருக்கு அதை 10 ஆக்குங்கள். ஆளுக்கு ஒரு வட்டாரம் ஒதுக்கவில்லை என்றால் பூங்காவின் மறுகோடியில் இருப்பவர் கருவிப்பெட்டியோடு நடந்து வர நேரலாம். உங்கள் தொழிலில் இதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

கப்பல் ஊஞ்சலுக்கு எளிய வைத்தியம்தான். வெளிவாசலை ஒட்டி நான்கைந்து இருக்கைகள், குப்பைத் தொட்டி, கொஞ்சம் தள்ளி முதலுதவி அறை. உட்கார இடம் கிடைத்தால் குமட்டல் தணியும். உணவுக் கடையை அந்த வாசலிலிருந்து தூரத்தில் வையுங்கள். துப்புரவாளரின் பணிகளில் புல் வெட்டுவதை அணைத்துவிடுங்கள். அணைக்காவிட்டால் பாதையில் வாந்தி காய்ந்துகொண்டிருக்க, அவர் மூலையில் யாரும் பார்க்காத புல்லைச் செதுக்கிக்கொண்டிருப்பார்.

வழி தெரியாதவர்களின் புலம்பலுக்கு நீங்களே காரணமாக இருக்கக்கூடும். தாராளமாக இருக்கட்டும் என்று இரண்டு மூன்று கட்ட அகலத்தில் பாதை போட்டிருக்கிறீர்களா? இந்த விளையாட்டில் ஒவ்வொரு கட்டமும் ஒரு சந்திப்பாகவே கணக்காகிறது. அகலப் பாதை என்பது நூறு நாற்சந்தி. வரைபடம் கையில் இல்லாதவர் அதற்குள் சுற்றிச் சுற்றி வருவார். ஒற்றைக் கட்டப் பாதையாக மாற்றுங்கள், நுழைவாயில் அருகே தகவல் கடை வைத்து வரைபடம் விற்பனைக்கு விடுங்கள், முட்டுச்சந்துகளில் 'நுழையாதே' பலகை வையுங்கள். தைப்பூசத்தன்று பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு வரைக்கும் கூட்டம் ஒரே திசையில் போவதால்தான் அத்தனை காவடியும் சிக்காமல் நகர்கிறது. பூங்காவிலும் கூட்டத்துக்கு ஒரு திசை வேண்டும்.

பணம் கரைவதற்குப் பாதிக் காரணம் கோஸ்டர் காலியாக ஓடுவதுதான். மீதிக்கு வருகையாளர் பட்டியலைத் திறந்து, எண்ணங்களைத் தொகுத்துக் காட்டும் பக்கத்துக்குப் போங்கள். எந்தச் சவாரி நல்ல மலிவு என்று பலர் சொல்கிறார்களோ அங்கே விலையை ஏற்றலாம். இவ்வளவு கொடுக்க மாட்டேன் என்பது கூடினால் ஒரு படி இறக்குங்கள். ஒரே வகைச் சவாரியை இரண்டாவது முறை கட்டினால் மக்கள் அதற்குக் கொடுக்க நினைக்கும் மதிப்பில் கால் பங்கு போய்விடும். பழசாக ஆக விலை தானாகக் குறையாது, நீங்கள்தான் குறைக்க வேண்டும். மழை வந்தால் கூரையில்லாத சவாரிகளில் ஏறமாட்டார்கள், ஆனால் குடையை மட்டும் விலை பார்க்காமல் வாங்குவார்கள். பிற்பகல் இடிமழைக்குப் பழகிய சிங்கப்பூர்க்காரருக்கு இதில் வியப்பு இருக்காது.

இனி உங்கள் மனைவியின் கேள்வி. மேலே சொன்ன ஒவ்வொரு பழுதுக்கும் ஒரு காரணம் இருந்தது. ஒரு தொடுகையில் அது கைக்கு வந்தது, திருத்தியதும் பலன் கண்முன் தெரிந்தது. வேலையிடத்தில் அது அரிது. மின்தூக்கி நிற்கிறது, உதிரிபாகம் மாற்றுகிறீர்கள், கோப்பு மூடப்படுகிறது, அடுத்த மாதம் மறுபடி நிற்கிறது. புகார் கொடுத்தவர் உண்மையில் எதற்காகக் கோபப்பட்டார் என்பதும் தெரியாமலே போகிறது. ஜூரோங்கில் 1992-ல் திறந்து 1999-ல் மூடிய டாங் வம்ச நகரம் என்ற கேளிக்கைப் பூங்கா ஏன் ஓடவில்லை என்று கேளுங்கள், ஆளுக்கு ஒரு காரணம் சொல்வார்கள். அங்கே வந்து போனவர்களின் தலைக்கு மேல் எண்ணம் எழுதப்பட்டிருக்கவில்லை. இரண்டு இடத்திலும் நீங்கள் பார்ப்பது ஒரே வேலைதான் என்பதில் உங்கள் மனைவி சொல்வது சரி. பூங்காவில் அந்த வேலை முடிகிறது.

இந்த வகை விளையாட்டுகள் எல்லாமே இந்த ருசியைத் தருவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 1994-ல் புல்ஃப்ராக் நிறுவனம் வெளியிட்ட தீம் பார்க்கில் உருளைக்கிழங்கு வறுவலில் உப்பைக் கூட்டினால் பக்கத்துக் கடையில் பானம் அதிகம் விற்கும். குறும்பான கணக்கு, ஆனால் காரணமும் விளைவும் கைக்கு அடக்கம். 1999-ல் கிறிஸ் சாயர் முதல் ரோலர்கோஸ்டர் டைக்கூனை ஏறக்குறைய முழுவதும் அசெம்பிளி மொழியில், அதாவது கணினியின் அடிப்படைக் கட்டளைகளிலேயே சிக்கனமாக, எழுதினார். அந்தக் காலக் கணினியில் ஆயிரக்கணக்கான வருகையாளர்கள், ஒவ்வொருவருக்கும் தனிப் பணப்பை, தனிப் பசி, தனி வயிறு. அந்தச் சிக்கனம் இல்லாவிட்டால் எண்ணங்களைப் படிக்கும் சுகமும் இருந்திருக்காது. 2016-ல் வந்த பிளானட் கோஸ்டர் கண்ணுக்கு விருந்து. கோபுரத்தை ஓடு ஓடாக அடுக்கும் பொறுமை உள்ளவர்களுக்கு அதுவே போதும். நிர்வாகப் பக்கம் மெலிவு, கொஞ்சம் கவனமாக இருந்தாலே காசு கொட்டும். உங்களுக்கு அது ஒத்துவராது.

உங்களுக்கு நான் சிபாரிசு செய்வது 2018-ல் வந்த பார்க்கிடெக்ட். கணினியில் விளையாடலாம். அதில் கடைச் சரக்கு தானாக நிரம்பாது, கிடங்கிலிருந்து ஊழியர் பெட்டியைச் சுமந்து வர வேண்டும். பெட்டி தூக்கிச் செல்பவரை வருகையாளர் பார்த்துவிட்டால் பூங்காவின் மாயம் அவருக்குக் கலைந்துவிடும். அதனால் பின்வாசல் பாதை, நிலத்தடிப் பாதை, மறைப்புச் சுவர் எல்லாம் திட்டமிட வேண்டும். ஃபுளோரிடாவில் 1971-ல் திறந்த டிஸ்னியின் மேஜிக் கிங்டம் பூங்காவில் ஊழியர்கள் நடமாட, வருகையாளர்கள் நடக்கும் தளத்துக்கு அடியில் நடைபாதைகள் கட்டியது இதே காரணத்துக்காகத்தான். கடைத்தொகுதிகளின் பின்பக்கத்தில் சரக்கு மின்தூக்கியையும் குப்பை அறையையும் பார்த்துப் பழகியவருக்கு இதில் முதல் மணி நேரத்திலேயே கை ஓடும்.

கோஸ்டரைத் திருத்துமுன் பூங்காவை இன்னொரு பெயரில் சேமித்துக்கொள்ளுங்கள். ஒரு தடவைக்கு ஒரு வளைவை மட்டும் மாற்றி, சோதனை ஓட்டம் விட்டு எண்ணைப் பாருங்கள். மூன்று வளைவை ஒன்றாக மாற்றினால் எது பலன் தந்தது என்று தெரியாது. சாய்வெல்லாம் வைத்த பிறகும் பக்கவாட்டு ஜி 2.8-க்குக் கீழே இறங்கவில்லை என்றால், மனதைத் தேற்றிக்கொண்டு செயின் லிஃப்ட்டை ஒரு படி தாழ்த்துங்கள். என்ன எண் வந்தது என்று எழுதுங்கள்.