பரங்கிக்காய் ஏன் சிவப்பதில்லை?

கேள்வி: 18 லிட்டர் ஓடிஜியில் (மேசை மேல் வைக்கும் சிறிய மின் அவன்) பரங்கிக்காய் ரோஸ்ட் செய்தால் நீர் விட்டுக் குழைகிறது; நிறமே வருவதில்லை. சூடு போதவில்லையா?

பதில்: சூட்டைவிட, தட்டில் நெரிசல்தான் காரணமாக இருக்கும். துண்டுகள் ஒட்டிக் கிடந்தால் காயிலிருந்து வரும் ஆவி வெளியேற வழியின்றி அங்கேயே தேங்கும். காய் வறுபடாமல் அவியும். அந்த அளவு ஓடிஜிக்கு ஒரு முறைக்கு 400 கிராம் போதும். மிச்சத்தைச் சாம்பாருக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

நன்கு முற்றிய காயாக வாங்குங்கள். பிஞ்சில் நீர் அதிகம், இனிப்பு குறைவு; எளிதில் சிவக்காது. தோலோடு 3 செ.மீ. துண்டுகளாக்கி, ஈரம் துடைத்து, ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் புரட்டுங்கள். உப்பை அடுப்பில் வைக்கும் நேரத்தில்தான் தூவ வேண்டும். முன்பே போட்டால் நீர் விடும்.

மேல், கீழ் இரண்டு சூடேற்றும் கம்பிகளையும் போட்டு 210 டிகிரியில் 15 நிமிடம் முன்சூடு செய்யுங்கள். தட்டு நடு அடுக்கில் இருக்கட்டும். துண்டுகளுக்கிடையே விரல் அகல இடைவெளி அவசியம். 15 நிமிடத்தில் துண்டுகளைத் திருப்பி, தட்டையும் முன்பின்னாக மாற்றுங்கள். சிறிய ஓடிஜியில் பின்பக்கம் சூடு கூடுதலாக இருப்பது வழக்கம். மொத்தம் 30 நிமிடம் ஆகலாம். ஓரம் கருகி உள்ளே வேகாவிட்டால் தட்டு மேல் கம்பிக்கு மிக அருகில் இருக்கிறது. ஓர் அடுக்கு இறக்குங்கள்.