லாசிக்ஸை மாற்றி டார்செமைடு கொடுத்திருக்கிறார்கள். அப்பாவுக்கு எந்த நீர் மாத்திரை நல்லது?

நீங்கள் கேட்டிருப்பதை நான் புரிந்துகொண்டபடி சொல்கிறேன். 66 வயது அப்பாவுக்கு இதயம் பலவீனம், எக்கோவில் பம்பிங், அதாவது இதயம் ஒரு துடிப்பில் வெளியே தள்ளும் ரத்தத்தின் பங்கு, 30 சதவீதம். இரண்டு வருடமாகச் சாப்பிட்ட லாசிக்ஸை நிறுத்திவிட்டு, டார்செமைடும் ஸ்பைரோனோலாக்டோனும் சேர்ந்த ஒரே மாத்திரையை டாக்டர் எழுதியிருக்கிறார். இதில் எது நல்லது, கால் வீக்கம் வடிந்துவிட்டதால் மாத்திரையை நிறுத்தலாமா என்பதுதான் கேள்வி.

நான் டாக்டர் இல்லை. இதய வார்டில் 14 வருடம் ஸ்டாஃப் நர்ஸாக வேலை பார்த்தவள். என் அப்பாவும் மாரடைப்புக்குப் பிறகு இதே நோயோடு 6 வருடம் இருந்தார்.

முதலில் இரண்டாவது கேள்வி. டாக்டரிடம் கேட்காமல் நிறுத்தாதீர்கள், ஒரு நாள்கூட வேண்டாம். ஏன் என்று கீழே சொல்கிறேன்.

சீட்டைப் பார்த்தால் ஒரு மாத்திரைதான் மாறியிருக்கிறது, உள்ளே நடந்திருப்பது இரண்டு காரியம். நாம் எல்லாவற்றையும் ‘நீர் மாத்திரை’ என்று ஒரே பெயரில் சொல்வதால்தான் குழப்பமே வருகிறது.

லாசிக்ஸ் என்பது ஃபியூரோசெமைடு. அதுவும் டார்செமைடும் ஒரே குடும்பம். இரண்டும் சிறுநீரகத்தில் ஒரே இடத்தில் வேலை செய்து உப்பை வெளியேற்றும், உப்போடு தண்ணீரும் போகும். வித்தியாசம் குடலில் இருக்கிறது. ஃபியூரோசெமைடு மாத்திரை சராசரியாகப் பாதிதான் ரத்தத்தில் சேரும். அதுவும் ஆளுக்கு ஆள், ஒரே ஆளுக்கே நாளுக்கு நாள் மாறும். இதயம் திணறும்போது குடலும் வீங்கியிருப்பதால் மருந்து உள்ளே போவது இன்னும் மந்தமாகும். வீட்டில் இரண்டு மாத்திரை போட்டும் சிறுநீர் போகாதவருக்கு, வார்டில் லாசிக்ஸ் ஊசி போட்ட அரை மணி நேரத்தில் கட்டிலில் மாட்டிய சிறுநீர் பை நிறைவதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். டார்செமைடு 80 சதவீதத்துக்கு மேல் சேர்ந்துவிடும், உடம்பில் கொஞ்சம் அதிக நேரமும் தங்கும். அதனால்தான் 40 மில்லிகிராம் லாசிக்ஸுக்குப் பதில் 20 மில்லிகிராம் டார்செமைடு போதும் என்று கணக்கு வைக்கிறார்கள். எண் குறைந்திருக்கிறதே என்று பயப்பட வேண்டாம்.

அப்படியானால் டார்செமைடுதான் உயர்ந்ததா? நானும் பல வருடம் அப்படித்தான் நம்பினேன். அமெரிக்காவில் 60 மருத்துவமனைகளில் 2,859 நோயாளிகளை இரண்டாகப் பிரித்து இதை நேருக்கு நேர் பார்த்தார்கள். டிரான்ஸ்ஃபார்ம் எச்எஃப் என்ற அந்த ஆய்வு 2023-ல் வெளியானது. சுமார் 17 மாதத்தில் டார்செமைடு சாப்பிட்டவர்களில் 26.1 சதவீதம் பேரும், ஃபியூரோசெமைடு சாப்பிட்டவர்களில் 26.2 சதவீதம் பேரும் இறந்திருந்தார்கள். மறுபடி மருத்துவமனையில் சேர்ந்ததிலும் பெரிய வித்தியாசம் இல்லை. நடுவில் மருந்தை மாற்றிக்கொண்டவர்களும் நிறுத்தியவர்களும் நிறையப் பேர் என்ற குறை அந்த ஆய்வுக்கு உண்டு. இருந்தாலும், லாசிக்ஸ் சாப்பிட்ட இரண்டு வருடத்தில் அப்பாவுக்கு ஏதோ நஷ்டம் ஆகிவிட்டது என்று மனதைப் போட்டு அலட்டிக்கொள்ளாதீர்கள். லாசிக்ஸ் சரியாகக் கேட்காதவருக்கு மாற்றிப் பார்ப்பது நியாயம், அவ்வளவுதான்.

இன்னொன்று. இந்த இரண்டு மருந்துமே ரத்தத்தில் ஓர் அளவை எட்டினால்தான் சிறுநீரகம் அசையும். அந்த அளவுக்குக் கீழே எத்தனை வேளை கொடுத்தாலும் பலன் பெரிதாக இருக்காது. ‘பாதியாக உடைத்துக் காலையும் மாலையும் கொடுக்கிறோம்’ என்று வீட்டில் தாமாக முடிவெடுப்பவர்களுக்காக இதைச் சொல்கிறேன்.

இப்போது மாத்திரையின் அடுத்த பாதி, ஸ்பைரோனோலாக்டோன். நீங்கள் கேட்டதில் எனக்கு முக்கியமாகப் படுவது இதுதான். சிறுநீரை இழுப்பதில் இது சாது. ஆனால் ஆல்டோஸ்டிரோன் என்ற ஹார்மோனைத் தடுக்கிறது. இதயத் தசையில் தழும்பு கூடிக்கொண்டே போவதற்கு அந்த ஹார்மோனும் ஒரு காரணம். 1999-ல் வெளியான ரேல்ஸ் ஆய்வில், பம்பிங் 35 சதவீதமோ அதற்குக் கீழோ இருந்த 1,663 பேரைச் சேர்த்தார்கள். ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக மருந்தே இல்லாத சும்மா மாத்திரை சாப்பிட்டவர்களில் 46 சதவீதம் பேர் இறந்தார்கள், ஸ்பைரோனோலாக்டோன் சாப்பிட்டவர்களில் 35 சதவீதம். பலன் அவ்வளவு தெளிவாகத் தெரிந்ததால் ஆய்வையே பாதியில் முடித்துக்கொண்டார்கள். லாசிக்ஸும் டார்செமைடும் மூச்சிரைப்பையும் வீக்கத்தையும் குறைக்கும், ஆனால் ஆயுளைக் கூட்டும் என்று நிரூபணமாகவில்லை. இது கூட்டும். வீக்கம் வடிந்ததும் ‘நீர் மாத்திரைதானே’ என்று நிறுத்தினால் அப்பா இழப்பது இந்தப் பாதியை.

ஆனால் இதற்கு ஒரு கண்டிப்பு உண்டு, பொட்டாசியம். லாசிக்ஸும் டார்செமைடும் பொட்டாசியத்தை வெளியே தள்ளும், ஸ்பைரோனோலாக்டோன் அதைத் தேக்கும். ரேல்ஸ் வெளிவந்த பிறகு கனடாவின் ஒன்டாரியோவில் எல்லோரும் இந்த மருந்தை எழுத ஆரம்பித்தார்கள். பொட்டாசியம் ஏறி மருத்துவமனையில் சேர்ந்தது 1994-ல் ஆயிரம் இதய நோயாளிகளுக்கு 2.4 ஆக இருந்தது, 2001-ல் 11 ஆகிவிட்டது. இதயம் நின்றுபோகிற அளவுக்கு ஆபத்து அது. ஆகவே மருந்து ஆரம்பித்த முதல் வாரத்திலேயே ஒரு முறை, ஒரு மாதத்தில் மறுபடி, அப்புறம் டாக்டர் சொல்லும் இடைவெளியில் பொட்டாசியமும், சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டும் கிரியேட்டினினும் ரத்தத்தில் பார்த்தே ஆக வேண்டும். அட்டையில் ஸ்பைரோனோலாக்டோன் 25-ஆ 50-ஆ என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள், இரண்டு அளவிலும் வருகிறது. லாசிக்ஸ் காலத்தில் ‘சத்து குறையும், இளநீர் கொடுங்கள்’ என்று யாராவது சொல்லியிருந்தால் இனி அந்தப் பழக்கம் கூடாது, அதிலும் இருப்பது பொட்டாசியம்தான். கடையில் விற்கும் ‘குறைந்த சோடியம்’ உப்பும் வேண்டாம், அதில் கலந்திருப்பது பொட்டாசியம் குளோரைடு. வாந்தியோ பேதியோ வந்தால் அன்றே டாக்டரைக் கூப்பிட்டு மாத்திரையை என்ன செய்வது என்று கேளுங்கள்.

என் அப்பா விஷயத்தில் நாங்கள் ஏமாந்தது மூட்டு வலி மாத்திரையில். மருந்துக்கடையில் கேட்டு வாங்கி வந்த டைக்ளோஃபெனாக்கை நான்கு நாள் சாப்பிட்டிருக்கிறார். நீர் மாத்திரை தவறாமல்தான் உள்ளே போனது. ஆனாலும் எடை 3 கிலோ ஏறி, இரவு படுக்க முடியாமல் உட்கார்ந்தே மூச்சு வாங்கினார். அந்த வகை வலி மாத்திரைகள் உப்பைத் தேக்கும், நீர் மாத்திரையையும் வேலை செய்ய விடாது. வார்டிலேயே இருந்த எனக்கு வீட்டில் இது தெரியாமல் போனது இன்றும் உறுத்துகிறது.

அதற்குப் பிறகுதான் எடை நோட்டு வைத்தோம். காலையில் சிறுநீர் கழித்துவிட்டு, சாப்பிடும் முன், அதே மெஷினில். மூன்று நாளில் 2 கிலோவுக்கு மேல் ஏறினால் கால் வீங்கும்வரை காத்திருக்காமல் டாக்டரைக் கூப்பிடுவது. எந்த மாத்திரை என்பதைவிட இந்த நோட்டு எங்களுக்கு அதிகம் உதவியது. ஊறுகாயும் அப்பளமும் கருவாடும் சாப்பிட்ட வாரம் எது என்று நோட்டைப் பார்த்தே சொல்லிவிடலாம்.

டாபாக்லிஃப்ளோசின் பற்றியும் அடுத்த முறை டாக்டரிடம் கேளுங்கள். சர்க்கரைக்காக வந்த மருந்து, சர்க்கரை இல்லாத இதய நோயாளிகளுக்கும் பலன் தருகிறது என்று 2019-ல் தெரியவந்தது. அதைச் சேர்த்தால் சிலருக்கு லாசிக்ஸ் வகை மருந்தின் அளவைக் குறைக்க முடிகிறது.

கடைசியாக, மகள்களிடம் அப்பாக்கள் சொல்லாத ஒன்று. ஸ்பைரோனோலாக்டோன் சாப்பிடும் ஆண்களில் பத்தில் ஒருவருக்கு மார்பு வீங்கலாம், வலிக்கலாம். என் அப்பா வெட்கப்பட்டு இரண்டு மாதம் மறைத்தார், மாத்திரையையும் யாருக்கும் தெரியாமல் விட்டுவிட்டார். கடைசியில் என் கணவரிடம்தான் சொன்னார். டாக்டர் எப்ளெரெனோனுக்கு மாற்றிக் கொடுத்தார், அதே வேலையைச் செய்யும், இந்தத் தொந்தரவு அரிது. உங்கள் வீட்டில் அண்ணனோ தம்பியோ இருந்தால், இரண்டு மாதம் கழித்து அவரை விட்டு அப்பாவிடம் தனியாகக் கேட்கச் சொல்லுங்கள்.