சாய்த்து வைத்தால் சதுரம் டைமண்ட் ஆகிவிடுமா?

அன்புள்ள சார்,

வணக்கம். மணப்பாறை பக்கம் ஒரு கிராமத்தில் இருக்கிறேன். பி.எஸ்சி. கணிதம் முடித்துவிட்டு வீட்டிலேயே மாலையில் டியூஷன் எடுக்கிறேன். எல்லாம் ஏழாம், எட்டாம் வகுப்புப் பிள்ளைகள். மற்ற கணக்கெல்லாம் ஓரளவு பிடிபட்டுவிடுகிறது. வடிவியல் என்றால்தான் முழிக்கிறார்கள். சூத்திரம் கேட்டால் கடகடவென்று ஒப்பிக்கிறார்கள், படம் கொஞ்சம் திரும்பி இருந்தால் பேனாவை வைத்துவிடுகிறார்கள். சதுரத்தைச் சாய்த்து வரைந்து காட்டினால் “மிஸ், இது டைமண்ட்” என்கிறான் எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன். இன்னும் நிறைய ஒர்க்‌ஷீட் கொடுக்கலாமா? மொபைலில் ஜியோஜீப்ரா என்கிற வடிவியல் ஆப்பைக் காட்டினால் புரியுமா? அரையாண்டுத் தேர்வு வேறு நெருங்கிவிட்டது.

(பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகி)

அன்புள்ள டீச்சருக்கு,

டைமண்ட் என்று சொன்ன பையனைத் திட்டிவிடாதீர்கள். கடிதத்தில் எனக்கு அதிகம் பயன்பட்ட வரி அதுதான். அவன் சதுரத்தை அதன் தோற்றத்தை வைத்து அடையாளம் காண்கிறான். நாலு பக்கமும் சமம், நாலு மூலையும் செங்கோணம் என்பதெல்லாம் அவனுக்குத் தேர்வில் எழுதும் பதில். கண்ணால் பார்ப்பதோடு அதற்குச் சம்பந்தம் இல்லை. அவனைச் சொல்லியும் குற்றமில்லை. கரும்பலகையில் சதுரம் எப்போதும் தரையில் உட்கார்ந்த மாதிரியே வருகிறது, முக்கோணத்தின் அடிப்பக்கம் எப்போதும் கீழேயே படுத்திருக்கிறது.

நெதர்லாந்தில் இதே தலைவலியோடு ஒரு ஆசிரியத் தம்பதி இருந்தார்கள், பியேர் வான் ஹீலேயும் டீனா வான் ஹீலேயும். 1957-ல் இருவருமே உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் இது பற்றி ஆய்வேடு கொடுத்தார்கள். வடிவியல் படிப்படியாகத்தான் ஏறும் என்பது அவர்கள் கண்டது. முதலில் பிள்ளை வடிவத்தை மொத்தமாகப் பார்த்துப் பெயர் சொல்லும். அப்புறம் அதன் பண்புகள் கண்ணில் படும். அதற்கும் மேலேதான் ஒரு பண்பிலிருந்து இன்னொன்று வருகிறது, சதுரமும் ஒரு செவ்வகம்தான் என்பது புரியும். நிரூபணம் அதற்கும் பிறகு. வயது ஏறினால் படி தானாக ஏறிவிடாது. சொல்லிக்கொடுக்கும் விதத்தில்தான் ஏறும். நீங்கள் மூன்றாம் படியில் நின்று பேசுகிறீர்கள், பையன் முதல் படியில் நின்று கேட்கிறான். அவனுக்கு மனப்பாடம் செய்வதைத் தவிர வேறு வழி கிடையாது.

அதனால் ஒர்க்‌ஷீட் வேண்டாம். இருக்கிற படியிலேயே இன்னும் உறுதியாக உட்கார வைப்பதற்கு மட்டும்தான் அது உதவும்.

பதிலுக்கு ஒரு மாலை விளக்குமாற்றிலிருந்து கொஞ்சம் ஈர்க்குச்சி உருவிக்கொள்ளுங்கள். சைக்கிள் கடையில் வால்வு டியூப் வாங்கி, விரற்கடை நீளத்துக்கு வெட்டி, முனைகளை இணைக்கலாம். (தீக்குச்சியும் வால்வு டியூபும் வைத்து இதைச் செய்து காட்டி நாடெங்கும் பரப்பியவர் அரவிந்த் குப்தா.) மூன்று குச்சியில் ஒரு முக்கோணம் செய்யச் சொல்லுங்கள். ஆட்டிப் பார்ப்பார்கள், ஆடாது. நாலு குச்சியில் ஒரு சதுரம். தொட்டதும் சாய்ந்து சாய்சதுரம் ஆகிவிடும். பக்கங்கள் மாறவில்லை, கோணம் மட்டும் மாறிவிட்டது. “அப்போ எது மாறினா சதுரம் போயிடுது?” என்று கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள். இந்தப் பேசாமல் இருப்பதுதான் நமக்கு வராது.

யாராவது ஒரு பிள்ளை குறுக்கே ஐந்தாவது குச்சி வைத்துக் கட்டிவிடும். ஆட்டம் நின்றுவிடும். அதுதான் மூலைவிட்டம். நாற்கரம் இப்போது இரண்டு முக்கோணம். நாற்கரம் வரைய ஐந்து அளவு வேண்டும் என்று எட்டாம் வகுப்பில் ஏன் சொல்கிறார்கள் என்பதும், பக்கம்-பக்கம்-பக்கம் கொள்கை (மூன்று பக்கமும் சமமானால் இரண்டு முக்கோணமும் சர்வசமம்) ஏன் போதுமானது என்பதும் அந்த ஒரு குச்சியில் இருக்கிறது. அங்கிருந்து மேலே போகலாம். ஒரு ஜோடிப் பக்கம் இணை என்று தெரிந்தால் ஒரு அளவு மிச்சம், ஆகவே சரிவகத்துக்கு நாலு போதும். இணைகரத்துக்கு மூன்று, செவ்வகத்துக்கும் சாய்சதுரத்துக்கும் இரண்டு, சதுரத்துக்கு ஒன்றே ஒன்று. இதைப் பிள்ளைகளே ஒரு தாளில் எழுதி வரிசைப்படுத்தினால் நாற்கரங்களின் உறவுமுறை மொத்தமும் அவர்கள் கைக்கு வந்துவிடும். வடிவியல் பாடத்தில் இதைவிட அழகான இடம் இல்லை என்பது என் கட்சி.

பாகைமானியில் 130 பாகையை 50 என்று படிப்பது எல்லா ஊரிலும் உண்டு. ‘உள் அளவு, வெளி அளவு’ என்று விதி சொன்னால் இன்னும் குழம்புவார்கள். தாளை இரண்டு முறை மடித்து ஒரு செங்கோணம் செய்துகொண்டு, கோணம் அதைவிடப் பெரிதா சிறிதா என்று முதலில் வாயால் சொல்லவைத்து, பிறகு பாகைமானியை எடுக்கச் சொல்லுங்கள். கோணத்தின் கைகளை நீட்டி வரைந்தால் கோணமும் பெரிதாகிவிட்டது என்று நினைக்கிற பிள்ளையும் உங்களிடம் கட்டாயம் இருக்கும். அதே மடித்த தாளை வைத்துக் காட்டுங்கள்.

உயரம் என்றால் மேலிருந்து கீழே வருவது என்ற நம்பிக்கையும் அப்படித்தான். ஒரு முக்கோணத்தை வெட்டி, மூன்று பக்கத்தையும் மாற்றி மாற்றி அடியாக வைத்து, ஒவ்வொரு தடவையும் உயரத்தை அளந்து பரப்பளவு போடட்டும். அளப்பதில் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் விடை ஒன்றுதான் வரும். பிறகு ஒரு விரிகோண முக்கோணத்தைக் கொடுங்கள். உயரம் முக்கோணத்துக்கு வெளியே போய் விழுவதைப் பார்த்து ஒரு சத்தம் எழும்பும் பாருங்கள்.

டியூஷனில் பள்ளியைவிட ஒரு வசதி இருக்கிறது. நாற்பது பேர் வகுப்பில் ஒவ்வொருவர் வாயையும் கேட்க முடியாது, உங்களால் முடியும். இரண்டு பிள்ளைகளை முதுகோடு முதுகு உட்கார வையுங்கள். ஒருவர் கையில் ஒரு படம். பெயர் சொல்லாமல் அதை விவரிக்க வேண்டும், மற்றவர் கேட்டு வரைய வேண்டும். “ரெண்டு பக்கம் பெருசு, ரெண்டு பக்கம் சின்னது” என்று ஆரம்பிப்பார்கள். வரைந்தவர் பட்டம் வரைந்து நீட்டுவார், இவர் வைத்திருந்தது இணைகரமாக இருக்கும். அந்தச் சண்டையிலேயே ‘அடுத்துள்ள பக்கம்’, ‘எதிர்ப்பக்கம்’ எல்லாம் தேவைப்பட்டு வந்துவிடும்.

ஜியோஜீப்ரா நல்லதுதான், இலவசமும்கூட. ஆனால் குச்சிக்குப் பிறகு. நீங்கள் காட்ட அவர்கள் வேடிக்கை பார்த்தால் பிரயோஜனம் இல்லை. கண்மதிப்பாக நாலு புள்ளி வைத்து ஒரு சதுரம் வரையட்டும். ஒரு புள்ளியைப் பிடித்து இழுத்தால் குலைந்துபோகும். செங்குத்துக்கோடும் வட்டமும் போட்டு முறையாக அமைத்த சதுரம், முதலில் வைத்த புள்ளிகளை எப்படி இழுத்தாலும் திரும்பும், பெரிதாகும், சதுரமாகவே இருக்கும். இதை அவர்கள் கையாலேயே செய்து பார்க்க வேண்டும்.

அரையாண்டுக்கு எட்டாம் வகுப்புக்குச் செய்முறை வடிவியலைப் பிடித்துக்கொள்ளுங்கள், ஓரளவு நிச்சயமான மதிப்பெண் அதில்தான். கவராயத்தைத் தொடுவதற்கு முன் வெறும் கையால் ஒரு உதவிப்படம் வரைந்து, கொடுத்த அளவுகளை அதில் குறித்து, எந்த முக்கோணத்தை முதலில் வரைய முடியும் என்று சொல்ல வேண்டும். சொல்ல வராத பிள்ளையை வரைய விடாதீர்கள். குச்சி விளையாட்டுக்கு ஒரு மாலை போவதைப் பார்த்து, ஃபீஸ் கட்டும் பெற்றோர் “விளக்குமாறு பிரிக்கவா அனுப்பினோம்?” என்று கேட்கக்கூடும். அந்த உதவிப்படத்தைக் காட்டி, பிள்ளையையே விளக்கச் சொல்லிவிடுங்கள்.