முட்டையிடத் தெரியுமா?

அன்புள்ள ஐயா,

திருப்பூரில் ஒரு பள்ளியில் ஐந்தாம் வகுப்பு எடுக்கிறேன். இந்த ஆண்டு நடுவில் ஒரு பையன் வந்து சேர்ந்தான். அப்பா, அம்மா இருவருக்கும் பனியன் கம்பெனியில் வேலை, ஒடிசாவிலிருந்து வந்தவர்கள். வகுப்பில் அவனை ‘ஹிந்திக்காரன்’ என்கிறார்கள். அவன் வீட்டில் பேசுவது ஒடியா. மதியம் தனியாக உட்கார்ந்துதான் சாப்பிடுவான். நான் சொல்லிச் சொல்லி இப்போது சில பையன்கள் விளையாடக் கூப்பிடுகிறார்கள். கூப்பிட்டாலும் போவதில்லை. ‘அவனுக்குத் திமிர் டீச்சர்’ என்று என்னிடம் வந்து சொல்கிறார்கள். டென்மார்க் எழுத்தாளர் ஆண்டர்சனின் ‘அவலட்சணமான வாத்துக்குஞ்சு’ கதையை வகுப்பில் சொல்லலாமா என்று யோசிக்கிறேன். உடன் வேலை செய்யும் தோழி, ‘அழகாக மாறினால்தான் மதிப்பு என்று சொல்கிற கதை, வேண்டாம்’ என்கிறார். உங்கள் கருத்து என்ன?

எம்.

அன்புள்ள டீச்சர்,

தாராளமாகச் சொல்லுங்கள். ஒரே ஒரு வேண்டுகோள்: அந்தப் பையனைப் பார்த்துச் சொல்லாதீர்கள், மற்றவர்களைப் பார்த்துச் சொல்லுங்கள். ஒதுக்கப்பட்ட பிள்ளைக்கு ஆறுதலாகத்தான் இந்தக் கதையை வழக்கமாகச் சொல்கிறோம். இன்று சிரிப்பவர்கள் நாளைக்கு உன்னை அண்ணாந்து பார்ப்பார்கள், பொறுத்துக்கொள் என்று. அவன் சாதாரணமாக வளர்ந்து சாதாரண வேலைக்குப் போனால் அந்த ஆறுதலை என்ன செய்வது? அவனுக்குப் பக்கத்தில் உட்கார ஆள் வேண்டியது இன்று மதியம்.

முடிவைப் பொறுத்தவரை உங்கள் தோழி சொல்வது சரிதான். 1843 நவம்பரில் கோபன்ஹேகனில் வெளிவந்த கதை இது. வாத்துப் பட்டியில் பொரிந்த ஒரு குஞ்சை அவலட்சணம் என்று எல்லோரும் கொத்துகிறார்கள், அது ஓடிப்போய் அலைகிறது. கடைசிப் பக்கத்தில் குஞ்சு தண்ணீரில் தன் உருவத்தைப் பார்க்கிறது, தான் ஒரு அன்னம் என்று தெரிந்துகொள்கிறது. தோட்டத்துப் பிள்ளைகள் ரொட்டி போடுகிறார்கள், மூத்த அன்னங்கள் தலை வணங்குகின்றன. அங்கே ஆண்டர்சன் ஒரு வரி எழுதுகிறார்: அன்னத்தின் முட்டையிலிருந்து வந்திருந்தால் போதும், வாத்துப் பட்டியில் பிறந்தது ஒரு பொருட்டே இல்லை என்று. நம் ஊர்க் காதில் அந்த வரி எப்படி விழும் என்று நான் விளக்க வேண்டியதில்லை. பட்டி அப்படியேதான் இருக்கிறது, அங்கே யாரும் மாறவில்லை. அடுத்த வருஷம் நிஜமாகவே அவலட்சணமான வாத்துக்குஞ்சு ஒன்று பொரிந்தால் அதற்கும் அதே கொத்துதான் விழும். டென்மார்க் விமர்சகர் ஜார்ஜ் பிராண்டெஸ் 1869இலேயே இந்த முடிவைக் குறை சொன்னார். அவருடைய கோபம் வேறு மாதிரி: வானத்தில் பறந்து போக வேண்டிய பறவை, பெரிய மனிதர் தோட்டத்தில் பிள்ளைகள் போடும் தீனிக்கு நீந்துகிறதே என்று.

அந்த முட்டை வாசகர்களையும் பிடித்துக்கொண்டதுதான் வேடிக்கை. ஆண்டர்சன் ஓடென்ஸ் என்ற ஊரில் செருப்புத் தைப்பவருக்கும் துணி துவைக்கும் பெண்ணுக்கும் 1805இல் பிறந்தவர். இது தன் கதை என்று அவரே சொல்லியிருக்கிறார். அப்படியானால் அன்ன முட்டை எங்கிருந்து வந்தது என்று துருவப் போய், அவர் பிற்பாடு மன்னரான எட்டாம் கிறிஸ்டியானின் ரகசிய மகன் என்று சிலர் எழுதிவிட்டார்கள். ஆதாரம் எதுவும் இல்லை, வரலாற்று ஆய்வாளர்கள் அதை ஏற்பதில்லை. வண்ணாத்தி மகனுக்கு இவ்வளவு எழுத்து வந்ததை நம்ப முடியாதவர்களுக்கு ஒரு ராஜா தேவைப்பட்டிருக்கிறார், அவ்வளவுதான்.

சரி, முடிவை விடுங்கள். கதையின் உயிர் நடுவில் இருக்கிறது.

பட்டியில் நடப்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான், வேகமாகச் சொல்லிப் போகலாம். முட்டை பொரிவதற்கு முன்பே கிழட்டு வாத்து ஒன்று எட்டிப் பார்த்து, ‘இது வான்கோழி முட்டை’ என்று தீர்ப்புச் சொல்லிவிடுகிறது. (உங்கள் வகுப்பின் ‘ஹிந்திக்காரன்’ மாதிரி.) அம்மா வாத்தை மட்டும் கொஞ்சம் கவனியுங்கள். முதலில் அது குஞ்சுக்காகப் பரிந்து பேசுகிறது: முட்டைக்குள் அதிக நாள் இருந்துவிட்டான், நன்றாக நீந்துகிறான், ஆண் குஞ்சுதானே, அழகு இல்லாவிட்டால் என்ன? பட்டியே ஒன்று சேர்ந்து கொத்த ஆரம்பித்ததும் அதுவும், ‘நீ எங்காவது தொலைந்து போனால் தேவலை’ என்கிறது. கெட்ட தாய் என்று சொல்ல முடியாது, ஊர் வாய்க்குப் பயந்த தாய்.

பட்டியைவிட எனக்குக் கிலி தருவது கிழவியின் குடிசைதான். அங்கே யாரும் குஞ்சைக் கொத்துவதில்லை, துரத்துவதில்லை. கிழவிக்குக் கண் மங்கல். கொழுத்த வாத்து என்று நினைத்து, முட்டை கிடைக்கும் என்று மூன்று வாரம் வைத்துப் பார்க்கிறாள். வீட்டில் ஒரு பூனையும் ஒரு கோழியும் உண்டு. உலகத்தில் பாதி தாங்கள் என்றும், அதிலும் உயர்ந்த பாதி என்றும் அவற்றுக்கு நினைப்பு. குஞ்சு ஏதோ மாற்றுக் கருத்து சொல்ல வாயைத் திறக்கிறது. ‘உனக்கு முட்டையிடத் தெரியுமா?’ என்கிறது கோழி. தெரியாது. ‘அப்படியானால் வாயை மூடு.’ ‘முதுகை வளைத்து உறுமத் தெரியுமா?’ என்கிறது பூனை. அதுவும் தெரியாது. அப்படியானால் விவரம் தெரிந்தவர்கள் பேசும் இடத்தில் உனக்கு என்ன அபிப்பிராயம் வேண்டிக்கிடக்கிறது?

ஒருநாள் குஞ்சுக்கு நீந்த வேண்டும் என்று ஏக்கம் வந்துவிடுகிறது. தலைக்கு மேல் தண்ணீர் மூடுவது எவ்வளவு சுகம் என்று கோழியிடம் சொல்கிறது. வேலை வெட்டி இல்லாததால் வந்த பைத்தியம் என்கிறது கோழி. பூனையைக் கேள், அவரைவிட அறிவாளி யார், அவருக்கு நீந்தப் பிடிக்குமா? ‘என்னைப் புரிந்துகொள்ள மாட்டேன் என்கிறீர்கள்’ என்கிறது குஞ்சு. எங்களுக்கே புரியாவிட்டால் வேறு யாருக்குப் புரியும் என்று கேட்டுவிட்டு, நல்லதுக்குத்தான் சொல்கிறேன், கசப்பானதைச் சொல்பவர்கள்தான் நிஜமான நண்பர்கள், ஒழுங்காக முட்டையிடக் கற்றுக்கொள் என்று முடிக்கிறது கோழி. கதையில் இந்த இடத்தில் மட்டும்தான் குஞ்சுக்குக் கூரையும் சோறும் சேர்ந்து கிடைக்கின்றன. அங்கிருந்தும் அது போய்விடுகிறது.

இந்தக் கோழியை ஆண்டர்சன் நன்றாக அறிந்தவர். 14 வயதில் நாடகக் கனவோடு தனியாகக் கோபன்ஹேகன் போனவரை, யோனாஸ் கொலின் என்ற செல்வாக்குள்ள அதிகாரி அரச உதவி வாங்கித் தந்து படிக்கவைத்தார். 1822இல் ஸ்லாகெல்ஸே பள்ளியில் 17 வயதுப் பையன் சின்னப் பையன்களோடு உட்கார்ந்தார். அந்தத் தலைமை ஆசிரியர் செய்த கேலி வயதான பிறகும் அவருக்குக் கெட்ட கனவாக வந்திருக்கிறது. கொலின் குடும்பம் அவரைத் தங்கள் பிள்ளை மாதிரிதான் நடத்தியது. 1831இல் அந்த வீட்டு மகன் எட்வர்டுக்கு ஆண்டர்சன் ஒரு கடிதம் எழுதினார்: நாம் இனி ‘நீ’ என்று பேசிக்கொள்ளலாமே. எட்வர்ட் ரொம்ப மரியாதையாக மறுத்துவிட்டார். கடைசிவரை ‘நீங்கள்’தான். உதவிக்குக் குறைவில்லை, ஒருமைக்குத்தான் இடமில்லாமல் போயிற்று. 1847இல் எழுதிய ‘நிழல்’ கதையில் ஆண்டர்சன் அந்த மறுப்பைத் திரும்ப எழுதினார். அங்கே எஜமானைப் பார்த்து ‘நீ என்று கூப்பிடாதே’ என்று சொல்வது அவருடைய சொந்த நிழல்.

இனி உங்கள் பையன்கள் ‘திமிர்’ என்று சொன்ன விஷயம். அதற்கான காட்சி கதையில் இருக்கிறது, சுருக்கிச் சொல்லும் புத்தகங்கள் பெரும்பாலும் அதை வெட்டிவிடும். குளிர்காலத்தில் குளம் உறைந்து குஞ்சு பனிக்கட்டிக்குள் மாட்டிக்கொள்கிறது. காலையில் அந்த வழியாக வந்த ஒரு குடியானவன் தன் மரச்செருப்பால் பனியை உடைத்து, அதை எடுத்துக்கொண்டு போய் மனைவியிடம் கொடுக்கிறான். சூட்டில் உயிர் வருகிறது. அந்த வீட்டுப் பிள்ளைகள் அதனோடு விளையாட ஆசையாக ஓடி வருகிறார்கள். குஞ்சு, அடிக்க வருகிறார்கள் என்று நினைத்துப் பறந்து பால் சட்டியில் விழுகிறது. அங்கிருந்து வெண்ணெயில், அங்கிருந்து மாவுப் பீப்பாயில். அந்த அம்மாள் கத்திக்கொண்டு இடுக்கியை வீசுகிறாள். பிள்ளைகள் பிடிக்கப் போய் ஒருவர் மேல் ஒருவர் விழுந்து சிரிக்கிறார்கள். திறந்து கிடந்த கதவு வழியாகக் குஞ்சு மறுபடி பனிக்கு ஓடிவிடுகிறது.

இந்த வீட்டில் யாருக்கும் அதன்மேல் வெறுப்பு இல்லை. ஆனால் விளையாட்டுக்கு நீட்டிய கைக்கும் அடிக்க ஓங்கிய கைக்கும் வித்தியாசம் தெரியாத நிலைக்கு அது வந்துவிட்டது. பட்டியிலிருந்து தப்பிய அன்றே இது தொடங்கிவிட்டது: வேலியோரப் புதரில் குருவிகள் பயந்து பறந்ததும், நான் அசிங்கம் என்பதால்தான் பறக்கின்றன என்று கண்ணை மூடிக்கொண்ட குஞ்சு அது.

பால் சட்டிக் காட்சியில் உங்கள் வகுப்பு கட்டாயம் சிரிக்கும். சிரிக்கட்டும். அப்புறம், அது ஏன் ஓடியது என்று கேளுங்கள். பயம் என்பார்கள். அந்தப் பிள்ளைகள் நல்ல பிள்ளைகள்தானே, என்ன பயம் என்று கேளுங்கள். யாராவது பட்டிக்குத் திரும்பிப் போவார்கள். அந்தப் பையன் பெயரை நீங்கள் எடுக்கவே வேண்டாம். தமிழ் எவ்வளவு பிடிபடுகிறதோ அவ்வளவுக்கு அவனும் கேட்டுச் சிரித்துவிட்டுப் போகட்டும். முடிவில் அன்னம் வருவதை ஒரு வரியில் சொல்லி முடித்துவிடலாம், பெரிதாக்க வேண்டாம்.

இன்னொன்று. அவனை விளையாடக் கூப்பிடப் போகிறவர்கள் கூட்டமாகப் போகிறார்களா என்று பாருங்கள். குடியானவன் வீட்டுப் பிள்ளைகள் எல்லோரும் ஒன்றாகப் பாய்ந்ததுதான் வினை. ஒருவனை மட்டும், அதுவும் விளையாட்டுக்கு முன்னால் சாப்பாட்டு நேரத்தில், டிபன் பாக்ஸோடு போய்ப் பக்கத்தில் உட்காரச் சொல்லுங்கள். முதல் நாள் பேச வேண்டும் என்றுகூட இல்லை.

கதை சொன்ன அன்று வகுப்பில் என்ன பேசினார்கள் என்று எழுதுங்கள்.

அன்புடன்.